லயத்து வாசல் முதல் தீக்குழி வரை: தோட்டப்புறத்தில் படம் பிடித்த குறிப்புகள்

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது சுங்கை சிப்புட். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும், நடுவே கடைவரிசை, பள்ளிக்கூடம், ரயில் நிலையம். இப்படி ஒரு பட்டணத்தில் பொழுதுபோக்குக்காகக் கேமரா வைத்திருப்பவரைத் தேடி வரும் வேலைகள் எல்லாம் ஒரே வகைதான்: பாட்டி தாத்தா படம், வீட்டு நாய், பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா. இவற்றில் படம் கெடுவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டருக்கு நம் முகத்தின் நிறம் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை 18 விழுக்காட்டு ஒளியைத் திருப்பித் தரும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் முகம் கரியாகிறது. கறுப்பு நாய் படம் முழுக்க நிறைந்தால் நாய் சாம்பல் பூசிக்கொள்கிறது. லென்ஸ் மாற்றினாலும் கேமரா மாற்றினாலும் இது தீராது. எங்கே அளப்பது, எவ்வளவு கூட்டுவது குறைப்பது என்று கைக்குப் பழக வேண்டும்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் நிக்கான் டி7200 கேமராவுக்கானவை. 2015இல் வந்தது, 24 மெகாபிக்சல், இரண்டு கார்டு போடலாம். பழையதாக வாங்கினாலும் இந்த வேலைக்குத் தாராளம். சென்சார் சிறியது என்பதால் லென்ஸ் அளவை 1.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்: 35 மி.மீ. லென்ஸ் சாதாரணப் பார்வை போலவும், 85 மி.மீ. லென்ஸ் 127 போலவும் நடந்துகொள்ளும். இவை இரண்டும் எஃப் 1.8 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது). மைதானத்துக்கு மட்டும் ஒரு 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ். வேறு கேமரா வைத்திருப்பவர்கள் எண்களைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும், காரணங்கள் மாறாது.

எதை எடுத்தாலும் ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும்) கோப்பாகவே எடுக்க வேண்டும். மஞ்சள் புடவையும் சாயக் கூடாரமும் சேர்ந்து செய்யும் கோளாறை ஜேபெக்கில் பிறகு சரிக்கட்ட முடியாது.

லயத்து வாசல்

முதலில் நேரம். பேராக் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, பகல் 1 மணிக்கும் ஒன்றரைக்கும் இடையில். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே காலை ஒன்பதரை என்றாலும் வெயில் இன்னும் சாய்வாகத்தான் இருக்கும். மாலையில் 5 மணிக்கும் கடுப்பு குறையாது. காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 5.45 முதல் 7 வரை வெளியில் முகம் எடுக்கலாம். அந்தி இங்கே நிற்காது. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும்.

உச்சி வெயிலில் முகப் படம் எடுக்கவே கூடாது என்று பலர் சொல்வது வெட்டவெளிக்குப் பொருந்தும், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலுக்குப் பொருந்தாது. வாசலுக்கு எதிரே சிமெண்டுத் தரை இருந்தால் 12 முதல் 2 மணி வரை வெயில் அதில் நேராக விழுந்து, மெத்தென்ற வெளிச்சமாகத் திண்ணைக்குள் ஏறும். பெரிய வெள்ளைத் துணி கட்டிய ஸ்டூடியோ விளக்குக்குச் சமம் அது. காசும் இல்லை.

ஆளை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் வித்தை. கூரை விளிம்புக்கு ஒட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து ஏறி, மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் போகும். பேய்க்கதை சொல்பவரின் முகம் போல இருக்கும். விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி, தாழ்வான முக்காலியில் உட்கார வைத்தால் அதே வெளிச்சம் ஏறக்குறைய நேராக வரும். முகம் வாசலைப் பார்த்து, உடம்பு சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். படம் எடுப்பவர் வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். தொப்பி இல்லாமல் முடியாது; ஆனால் எடுப்பவரின் உடம்பே வெளிச்சத்தை மறைக்கும் என்பதால் நேர் எதிரே நிற்காமல் ஓரடி விலகி நிற்க வேண்டும்.

முற்றம் செம்மண்ணாக இருந்தால் வெளிச்சமும் செம்மண் நிறத்தில்தான் ஏறும். கழுத்தும் தாடையும் ஆரஞ்சாகி, நெற்றி மட்டும் சரியான நிறத்தில் இருக்கும். இதை வெள்ளைச் சமன் (படம் முழுவதன் நிறத்தையும் ஒரே அளவில் திருத்துவது) கொண்டு திருத்த முடியாது, ஒரே முகத்தில் இரண்டு நிறம் இருப்பதால். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தால் தீர்ந்தது. புத்தகக் கடையில் கிடைக்கும் வெள்ளை பாலிஸ்டிரீன் அட்டையும் ஆகும், ஆனால் காற்றில் பறக்கும். தகரத் துண்டை வைக்கவே வேண்டாம். அது வெளிச்சத்தைப் பரப்பாமல் அம்பு மாதிரி திருப்பி, கண்ணைக் கூச வைக்கும்.

செம்பனைக்குக் கீழே எடுத்தால் நிலைமை வேறு: இலைவழி வந்த பச்சை மேலேயும், புல்லின் பச்சை கீழேயும். மாநிற முகத்தில் இது காய்ச்சலில் கிடந்தவர் போன்ற சாயலைத் தரும். கணினியில் டின்ட் அளவை மஜந்தா (ஊதாச் சிவப்பு) பக்கம் 10 முதல் 15 வரை தள்ளினால் தேறும். மரத்தடிக்குள் போகாமல், தோட்டத்தின் ஓரத்தில் வானம் தெரியும் பக்கமாக முகத்தைத் திருப்பி எடுப்பது அதைவிட நல்லது. ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் மட்டும் உள்ளேயே எடுக்கலாம். மேலே திறந்துகிடக்கும், கீழே சருகு பழுப்பு வெளிச்சத்தைத் தரும், அது தோலுக்குப் பொருந்தும்.

இப்போது மீட்டர். முகத்தின் பின்னால் சுண்ணாம்படித்த சுவர் இருக்கும்போது மேட்ரிக்ஸ் அளவீட்டை (சட்டம் முழுவதையும் அளப்பது) நம்பினால் முகம் ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை இருண்டுபோகும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி). புள்ளி அளவீட்டுக்கு மாற்றி, கன்னத்தில் வெளிச்சம் விழும் பக்கத்தை அளக்க வேண்டும். இந்தக் கேமராவில் அளவீட்டுப் புள்ளி நாம் தேர்ந்தெடுத்த ஃபோகஸ் புள்ளியோடு சேர்ந்தே நகரும் என்பதால் இது எளிது. ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கன்னத்தை அளந்து அப்படியே எடுத்தால் கருத்த முகம் சாம்பல் மட்டத்துக்கு உயர்ந்து, வெளிறி, நெற்றி மினுமினுக்கும். மாநிறத்துக்கு 0.3, கருத்த நிறத்துக்கு 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறைத்து வைத்தால் நேரில் பார்ப்பது போலவே வரும். அளவு கிடைத்ததும் மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிட வேண்டும். பேரன் வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் வந்து நின்றாலும் பாட்டி முகம் மாறாது.

85 மி.மீ. லென்ஸ், இரண்டரை மீட்டர் தூரம்: தலையும் தோளும் அளவாக அடங்கும். எஃப் 1.8இல் எடுத்தால் கூர்மையாக வருவது ஆறு சென்டிமீட்டர்தான். ஒரு கண் தெளிவு, மறு கண் பஞ்சு என்றாகும். வயதானவர்களுக்கு முகச் சுருக்கம்தான் படமே, அதைக் கலைக்க வேண்டாம். எஃப் 4 வைத்தால் பதினான்கு சென்டிமீட்டர் கிடைக்கும். இருவர் சேர்ந்தால் எஃப் 5.6. ஷட்டர் வேகம் 1/200 விநாடிக்குக் குறைய வேண்டாம். கை நடுக்கம் எடுப்பவருக்கு மட்டும் இருப்பதல்ல.

மூக்குக்கண்ணாடியில் முற்றத்து வெயில் வெள்ளையாகத் தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றச் சொல்லக் கூடாது, கழற்றினால் அது அவர் முகமே இல்லை. காம்பைக் காதின் மேலே அரை சென்டிமீட்டர் தூக்கி வைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு போய்விடும்.

கேட்கும் விதமும் செய்முறையில் சேர்ந்ததுதான். "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கட்டா? சேலை மாத்த வேணாம், இப்படியே உக்காருங்க" என்றால், "இரு தம்பி, பொட்டு வச்சுக்கிட்டு வர்றேன்" என்று உள்ளே போவார். போகட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் வேட்டியை விரித்து, முக்காலி போட்டு, சும்மா நிற்கும் பேரனின் கன்னத்தில் ஒரு அளவு எடுத்துவிடலாம். பவுடரோடு திரும்பி வந்தால் அளவை மறுபடி எடுக்க வேண்டும். முகம் அரை ஸ்டாப் ஏறியிருக்கும், கழுத்து ஏறியிருக்காது.

கறுப்பு நாய்

லயத்தில் நான்கு நாய் இருந்தால் ஒன்று கட்டாயம் கறுப்பு. கறுப்பு நாயைப் படம் எடுத்துப் பழகியவருக்கு மற்ற எல்லாம் எளிது.

எக்ஸ்போஷருக்கு (படத்தில் பதியும் ஒளியின் அளவுக்கு) ஒரே விதி சொல்ல முடியாது. நாய் படத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. தலை மட்டும் சட்டம் நிறைய வந்தால், மீட்டர் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், 0.7 முதல் 1 ஸ்டாப் குறைக்க வேண்டும். அதே நாய் வெயில் படும் புல்தரையின் நடுவே சிறிதாக நின்றால் மீட்டர் புல்லைத்தான் அளக்கிறது. நாய் ஓட்டை விழுந்த மாதிரி கறுப்புத் திட்டாக வரும். அப்போது 0.7 கூட்டி, புல் கொஞ்சம் வெளிறினாலும் விட்டுவிட வேண்டும். இணையத்தில் 'கறுப்புக்குக் குறை' என்று மட்டும் படித்துவிட்டு இரண்டாவது நிலைமையிலும் குறைப்பவர்கள் பலர். அந்தப் படத்தில் நாக்கு மட்டும்தான் தெரியும்.

கறுப்பு ரோமத்துக்கு உருவம் தருவது நிறம் அல்ல, மினுக்கு. அந்த மினுக்கு வானத்தின் பிரதிபலிப்பு. எனவே வெளிச்சம் நேர் முன்னால் வேண்டாம். பக்கத்திலிருந்தும் சற்றுப் பின்னாலிருந்தும் வர வேண்டும். திண்ணை ஓரத்தில் உடம்பு உள்ளேயும் தலை வெளிப்பக்கமாகவும் படுத்திருக்கும்போது கழுத்தோரம் ஒரு வெள்ளிக் கோடு ஓடும், அதுதான் நேரம். செம்மண் புழுதி படிந்த நாய்க்கு மினுக்கு வராது. ஈரத்துணியால் மேலாக ஒரு துடை துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட வேண்டும்.

ஃபோகஸ் தடுமாறும். கறுப்பு ரோமத்தில் பிடித்துக்கொள்ள வரியோ விளிம்போ இல்லாததால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும். தொடர் ஃபோகஸில் ஒற்றைப் புள்ளி வைத்து, கண்ணில் தெரியும் வெளிச்சப் பொட்டின்மேல் நிறுத்த வேண்டும். கண் கிடைக்காவிட்டால் கழுத்துப்பட்டையின் விளிம்பு. மூக்கில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு மட்டும் கூர்மையாகி, கண் பத்து சென்டிமீட்டர் பின்தங்கிப் போகும்.

நாய் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நம் ஊர் வெக்கையில் இரைத்துக்கொண்டே இருக்கும், தலை முழுக்க ஆடும். 1/250 பற்றாது, 1/500 வேண்டும். கேமரா நாயின் கண் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து அரை மீட்டருக்குள் இறங்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் எல்லா நாயும் திட்டு வாங்கிய நாய்தான். வீட்டுக்காரர் பின்னால் நின்று, பிஸ்கட்டை லென்ஸுக்கு ஒட்டி மேலே பிடிக்கட்டும். வாயால் எழுப்பும் விநோதச் சத்தம் மூன்று தடவைதான் வேலை செய்யும், நான்காவது தடவை நாய் கொட்டாவி விடும். அதனால் சத்தத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

தொடங்கும்முன் நாய்க்கு எதிர்ப்பக்கம் பத்துப் படம் 'டக் டக்'கென்று எடுத்துவிட்டால் ஷட்டர் சத்தம் பழகிவிடும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்: கண் பச்சையாக எரியும், காது மடியும், அடுத்த படத்துக்கு நாய் இருக்காது. சங்கிலியில் கட்டிய நாயென்றால் சங்கிலியின் நீளத்தைக் கண்ணால் அளந்து, அதற்கு ஒரு மீட்டர் வெளியே உட்கார்ந்து 85 மி.மீ.யில் எடுக்கலாம். வீட்டுக்காரர் "கடிக்காது" என்றுதான் சொல்வார்.

கோழிக்கு ஒரு உபாயம். அது நடக்கும்போது தலை தொடர்ந்து அசைவதில்லை. முன்னே ஒரு வெட்டு, பிறகு ஒரு கணம் அந்தரத்தில் அப்படியே நிற்கும், உடம்பு வந்து சேரும், மறுபடி வெட்டு. அந்த நிற்கும் கணத்தில் 1/250 போதும். தாளம் காதில் விழுவது போலக் கண்ணுக்குப் பிடிபட்டால் பத்துக்கு ஆறு தேறும். மாட்டுப் பொங்கலுக்கு மாலை போட்ட மாட்டை 35 மி.மீ.யில் கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பூசணிக்காய் அளவு தெரியும், கொம்பு சுருங்கிவிடும். 85 மி.மீ.யோடு பின்னே போய், எஃப் 5.6 வைத்தால் மூக்கிலிருந்து வண்ணம் பூசிய கொம்பு வரை ஓரளவு தெளிவாக வரும்.

மைதானமும் மண்டபமும்

பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அதிகம் சொல்ல இல்லை. ஓட்டத்துக்கு 1/1000, தொடர் ஃபோகஸ், முடிவுக்கோட்டைத் தாண்டிப் பத்து மீட்டர் தள்ளி ஒரு முழங்கால் ஊன்றி உட்கார வேண்டும். ஜெயித்தவரை எல்லாரும் எடுத்திருப்பார்கள்; மூன்றாவதாக வந்த பிள்ளையின் பெற்றோர்தான் படம் கேட்டு வருவார்கள், அதனால் முதல் ஆள் கோட்டைத் தொட்டதும் விரலை எடுத்துவிடக் கூடாது. 14-பிட் ராவில் விடாமல் அழுத்தினால் மூன்று விநாடியில் கேமராவின் இடைநினைவு நிறைந்து திக்க ஆரம்பிக்கும். கடைசி பதினைந்து மீட்டருக்கு மட்டும் அழுத்த வேண்டும்.

கல்யாணம், காதுகுத்து என்றால் கூடாரம். நீலக் கூடாரத்துக்கு அடியில் முகம் நீலம், மஞ்சள் கூடாரத்துக்கு அடியில் மஞ்சள் காமாலை. ஃப்ளாஷை மேலே திருப்பி அடித்தால் இன்னும் மோசம், அந்தத் துணியின் சாயத்தோடுதான் வெளிச்சம் திரும்பி வரும். கூடாரத்தின் திறந்த பக்கத்துக்கு ஆட்களைக் கூப்பிடுவது ஒன்றுதான் வழி. "அண்ணே, ரெண்டடி இப்படி வாங்க, பின்னாடி பூ நல்லா இருக்கு" என்றால் வந்துவிடுவார்கள். வெளிச்சம் என்றால் வரமாட்டார்கள்.

வெள்ளைச் சமனுக்கு ஒரு சாம்பல் அட்டை பையில் இருக்க வேண்டும். வேட்டியின் வெள்ளையைக் காட்டி கணினியில் திருத்துவது பெருந்தவறு. புது வேட்டியிலும் சலவைத் தூளிலும் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். அதை வெள்ளை என்று எடுத்துக்கொண்டால் மென்பொருள் நீலத்தைக் கழித்து, எல்லார் முகத்திலும் மஞ்சளைப் பூசிவிடும்.

மண்டபத்துக் குழல்விளக்கிலும் மலிவு எல்இடியிலும் படத்தின் குறுக்கே பட்டை விழுகிறதா? மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும். 1/400 வைத்தால் அடுத்தடுத்த படங்களில் வெளிச்சமும் நிறமும் மாறி மாறி வரும். மேடைக்குப் பின்னே இருக்கும் எல்இடித் திரையின் துடிப்பு வேறு கணக்கு. அதற்கு 1/60, 1/80 என்று இறக்கிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். உள்ளே கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) கேமரா வைத்திருப்பவர்கள் இங்கே சத்தமில்லாத ஷட்டரை அணைத்துவிட வேண்டும், பட்டைகளில் பாதி அதனால் வருவது.

தீமிதி

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் காலை கரகம், பால்குடம், காவடி, மாலை தீமிதி. முதல் நாளே ஆலய நிர்வாகத்தைப் பார்த்து எங்கே நிற்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூலஸ்தானம் பக்கம் லென்ஸைத் திருப்புவதில்லை. அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு முன்னால் போய் நிற்பதில்லை. மஞ்சள் நீர் ஊற்றி நனைந்த சேலையோடு நிற்கும் பெண்களைக் கழுத்துக்கு மேல் மட்டும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கவே வேண்டாம். வெளியாள் ஒருவருக்குப் படத்தை அனுப்புவதென்றால் அலகு குத்தியவரின் ஒப்புதல் வேண்டும்.

காலை ஊர்வலத்தில் மீட்டரைவிட மஞ்சள்தான் தொந்தரவு. மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, ஆரஞ்சு சாமந்தி என்று எல்லாம் சிவப்பு அலைவரிசையை முதலில் நிரப்பிவிடும். வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நன்றாக இருப்பதாகவே காட்டும், ஆனால் சேலையின் மடிப்பு எல்லாம் ஒரே மஞ்சள் தகடாகி இருக்கும். மூன்று நிறங்களும் தனித்தனியே தெரியும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, சிவப்பு வலது சுவரில் முட்டினால் 0.7 குறைக்க வேண்டும். முகம் இருண்டாலும் ராவில் எடுத்தால் மீண்டு வரும். எரிந்த மஞ்சள் வராது.

உறுமி மேளக்காரர்களை 1/1000இல் எடுத்தால் குச்சி காற்றில் தொங்கும் சிலைகள்தான் கிடைக்கும். 1/30 வைத்து, தோளைக் கோயில் தூணில் சாய்த்துக்கொண்டு, அடிப்பவரின் முகத்தில் ஃபோகஸ் வைத்தால், முகம் நிற்கும், குச்சி விசிறியாக விரியும். உறுமியில் ஒரு கை தோலைத் தேய்க்கிறது, மறு கை அடிக்கிறது. அடிக்கும் கை தெரியும் பக்கம் நிற்க வேண்டும். பத்துக்கு இரண்டு தேறினால் லாபம்.

மஞ்சள் நீர் லென்ஸில் தெறித்தால் உடனே தேய்க்கக் கூடாது, துகள் இருக்கும். ரப்பர் ஊதியால் ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி, பிறகுதான் துடைக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் முன்னால் ஒரு யூவி கண்ணாடி மாட்டிக்கொள்வது நல்லது. மழைக்குப் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று, இரண்டு ரப்பர் வளையம். கடைகளில் விற்கும் மழையுறை இல்லாமலே சமாளிக்கலாம்.

மாலையில் தீக்குழிப் பக்கம் 4 மணிக்கே போய்விட வேண்டும், இடம் பிடிக்க மட்டும் அல்ல. விறகு எரிந்து தணலாகி, அதைப் பரப்பும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துவிடும். புகை வரும் பக்கத்தை விட்டு மறுபக்கம் நிற்க வேண்டும். பக்தர்கள் முகம் தெரிவது குழியின் மறுமுனையில், பால்குழிக்கு (தணலைக் கடந்ததும் கால் நனைக்கப் பால் ஊற்றிய குழி) அருகில். ஆனால் நேர் எதிரே நிற்பது இரண்டு வகையில் தவறு. ஒன்று, வெளியே வருபவர் வழியை மறிக்கிறோம். குழியைக் கடந்து வருபவருக்கு நிதானித்து நிற்க நேரம் இருக்காது. இரண்டு, குழியின் முழு நீளத்துக்கும் மேலே எழும் சூடான காற்றை ஊடுருவித்தான் லென்ஸ் பார்க்கிறது. அந்த அலைவில் முகம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். லென்ஸைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பால்குழியிலிருந்து மூன்று மீட்டர் பக்கவாட்டில் விலகி, குறுக்குச் சாய்வாகப் பார்த்தால் ஊடே வரும் சூட்டுக் காற்று குறைந்து, முகம் கூர்மையாகும்.

ஃபோகஸை ஆள் வந்தபின் தேடினால் தணலையும் புகையையும்தான் பிடிக்கும். குழியின் ஓரக் கல் ஒன்றை, கடைசி இரண்டு எட்டு விழும் இடத்துக்கு நேராகத் தேர்ந்தெடுத்து, அதில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். எஃப் 2.2, 1/500, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 3200இல் தொடங்கி, விளக்குக் கம்பம் தூரமாக இருந்தால் 6400. 1/250 வைத்துப் பார்த்தால் முகம் நிற்கும், பாதம் கரைந்துபோகும். தீமிதியில் பாதம் இல்லாமல் என்ன படம்? ஐஎஸ்ஓ 6400இல் தெரியும் மணல் போன்ற புள்ளிகளை 4ஆர் (4×6 அங்குல) அச்சில் யாரும் பார்ப்பதில்லை.

அளவு எடுப்பது முகத்தில்தான், தணலில் அல்ல. கடப்பதற்கு முன் வரிசையில் நிற்பவர்களின் முகத்தை அதே விளக்கின் கீழே புள்ளி அளவீட்டில் அளந்து, 0.7 குறைத்துப் பூட்டிவிட வேண்டும். தணல் அதிகமாக எரிந்து தெரிந்தால் இன்னும் 0.3 குறைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சில கேமராக்களில், குறிப்பாகக் கைப்பேசிகளில், தணல் செம்மையாக இல்லாமல் ஊதாவாக வரும். கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர் சென்சாருக்குள் கசிவதால் ஆவது அது. கணினியில் ஊதா நிறத்தை மட்டும் இழுத்து ஆரஞ்சுக்குத் தள்ளினால் சரியாகும்.

நாள்காட்டியைப் பார்த்துக்கொள்வதும் உதவும். இங்கே சூரியன் மறைவது மாதத்துக்கு ஏற்ப ஏறக்குறைய 6.55 முதல் 7.35 வரை. ஆடி மாதத் திருவிழா என்றால் ஏழரை வாக்கில்தான் மறையும். அதன்பின் பதினைந்து நிமிடம் வானத்து நீலமும் தணலின் சிவப்பும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும். அந்த நேரத்தில் குழி இறங்கினால் அது அம்மன் கொடுத்தது. பூசாரியை அவசரப்படுத்த முடியாது.

ஃப்ளாஷ் கேமராவில் இருக்கவே கூடாது. தணலில் கால் வைப்பவரின் கண்ணில் அடித்தால் ஒரு விநாடி குருடாகிவிடுவார்.

பெட்டி

இதெல்லாம் முடிந்து கேமராவைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்தால் ஆறு மாதத்தில் லென்ஸுக்குள் சிலந்திக் கால் போலப் பூஞ்சை படரும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அவ்வளவு. மின்சார உலர்பெட்டி வாங்கலாம்; வாங்காதவர்களுக்கு: மூடியில் ரப்பர் விளிம்பு வைத்த 12 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 250 கிராம் ஒரு துணி முடிச்சில், சிறிய ஈரமானி ஒன்று. 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் முள் நிற்க வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் ஜெல்லைப் பாதியாகக் குறைக்கலாம். அளவுக்கு மீறிக் காய்வதும் ரப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல. ஆரஞ்சு பச்சையாகிவிட்டால் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், நச்சு. அதைச் சமையல் சட்டியில் வறுக்கக் கூடாது. அரிசி போட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிசி இழுக்கும் ஈரம் கொஞ்சம்தான், கொடுக்கும் தூசி நிறைய, போனஸாக வண்டும். தோல் பையை டப்பாவுக்குள் வைக்கக் கூடாது, பூஞ்சைக்கு அதுதான் விதைப்பாத்தி.

ஏர்கான் அறையிலிருந்து காலையில் நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும், உள்ளேயும்தான். ஜிப் வைத்த பையில் காற்றில்லாமல் மூடி வெளியே வைத்து அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். ஈரம் பையின் மேலேயே படிந்துவிடும்.

அச்சு

படத்தைக் கைப்பேசியில் அனுப்பினால் அந்த வாரத்தோடு மறந்துபோகும். தோட்டத்தில் படம் என்றால் கையில் பிடிப்பதுதான். 4ஆர் என்பது 4×6 அங்குலம், கேமராவின் 3:2 விகிதத்துக்கு அப்படியே பொருந்தும்; 1200×1800 புள்ளி போதும். எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் ஜேபெக்காகக் கொடுக்க வேண்டும்.

மீட்டரிடம் காப்பாற்றி வந்த நிறத்தைக் கடையின் இயந்திரம் கெடுக்கும். தானியங்கித் திருத்தம் கருத்த முகத்தைக் கண்டதும் இருண்ட படம் என்று எண்ணி வெளுக்க வைக்கிறது. நெற்றியிலிருந்த விபூதியும் நெற்றியும் ஒன்றாகிவிடும். முதலில் "ஆட்டோ கரெக்ஷன் வேணாம்" என்று சொல்லி, ஒரு வெளிர் முகம், ஒரு மாநிறம், ஒரு கருத்த முகம், கறுப்பு நாய் என்று நான்கு படத்தைச் சோதனை அச்சு போட வேண்டும். கடை விளக்கில் பார்த்து முடிவெடுக்காமல், கடை முன்னுள்ள ஐந்தடிப் பாதைக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விபூதியில் மூன்று கோடும் தனித்தனியே தெரிய வேண்டும், நாயின் காதுக்கும் கழுத்துக்கும் இடையே வித்தியாசம் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தால் மீதியைப் போடலாம். சிலர் "கொஞ்சம் வெள்ளையா போட்டுக் குடுங்க" என்று கேட்பார்கள், அவர்களுக்கு 0.3 ஏற்றி ஒன்று, ஏற்றாமல் ஒன்று என்று இரண்டையும் கொடுத்தால் சுவரில் மாட்டுவது பெரும்பாலும் ஏற்றாததைத்தான்.

இன்னொரு வேண்டுகோள் பெரியவர்களிடமிருந்து வரும்: "இதப் பெருசா போட்டு வை தம்பி, நாளைக்கு மாலை போட ஆகும்." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அது 8ஆர், 8×10 அங்குலம், 2400×3000 புள்ளி. அந்த விகிதத்துக்கு வெட்டும்போது செங்குத்துப் படத்தில் மேலும் கீழும் சேர்த்து ஆறில் ஒரு பங்கு போய்விடும். சட்டத்தின் மர விளிம்பு நான்கு பக்கமும் இன்னும் கொஞ்சம் மறைக்கும். தலையை விளிம்போடு ஒட்டி எடுத்திருந்தால் கொண்டை வெட்டுப்படும். அதனால் லயத்து வாசலில் முக்காலி போட்டு உட்கார வைக்கும்போதே, கிட்டப் படங்கள் முடிந்ததும், ஓரடி பின்னே போய், தலைக்கு மேல் ஒரு சாண் இடமும் இரு தோளும் முழுதாகத் தெரியும்படி செங்குத்தாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.